அயர்லாந்தோட பழைய கூட்ஸ் பிரேக் வேன்: எந்த வேன், எந்த முறை, எந்த கேஜ்

கூட்ஸ் ரயிலோட வால்ல வர்ற கார்டு பெட்டி, அதாவது பிரேக் வேன் இல்லாம 19-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் கூட்ஸ் ரயிலை மாடலா காட்டவே முடியாது, ஆனா ரெடிமேடா கிடைக்கிறதெல்லாம் பெரும்பாலும் சி.ஐ.இ-ங்கிற அயர்லாந்து போக்குவரத்துக் கம்பெனி காலத்து வேன்தான், அதாவது 1945-க்கு அப்புறம் ஓடினது. 1850-லிருந்து 1900 வரைக்கும் ஓடின வேன் வேணும்னா நாமதான் உட்கார்ந்து கட்டணும். கட்டலாம்னு இறங்கினதும் மூணு கேள்வி ஒண்ணா வந்து நிக்கும்: எந்தக் கம்பெனியோட வேன், எதை வச்சுக் கட்டுறது, கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற அகலம், 16.5 மி.மீ-யா 21 மி.மீ-யா. நிறைய பேர் இதை ஒண்ணொண்ணா முடிவு பண்ணப் பார்க்குறாங்க, முதல்ல கிட் வாங்கிடுறாங்க, கேஜைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்னு விட்டுடுறாங்க. சாதாரண வேகனுக்கு அது ஓகே. பிரேக் வேனுக்கு அது சரிப்படாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன், ஏன்னா இந்த வண்டிக்கு முகமே அதோட பிரேக்தான், பிரேக் கட்டை சக்கரத்தோட ஒட்டி நிக்கணும், சக்கரம் எங்க நிக்கணும்னு கேஜ்தான் சொல்லும். அதனால கேஜை மனசுல வச்சுக்கிட்டேதான் மத்த ரெண்டு கேள்வியையும் பார்க்கணும்.

முதல்ல அந்த வேன் என்ன வேலை பார்த்துச்சுன்னு பார்த்துடலாம். வேகன்களை மூணு வளையச் சங்கிலி போட்டு லூசா கோர்த்திருப்பாங்க. வேகன்ல கை லீவர் பிரேக் இருந்தாலும் அதை கீழே நிக்கிற ஆள்தான் அழுத்தி பின் போட முடியும், ஓடுற வண்டியில அது உதவாது. ஓடும்போது பிரேக் போட முடியுறது ரெண்டு இடத்துலதான், முன்னாடி இன்ஜினும் அதோட நிலக்கரி வண்டியான டெண்டரும், பின்னாடி கார்டு வேன். டிரைவர் விசில் அடிச்சுக் கேட்டா கார்டு உள்ளே இருக்கிற திருகுக் கைப்பிடியைச் சுத்திச் சுத்தி இறுக்குவார், அது அடியில இருக்கிற தண்டுகளை இழுத்து கட்டைகளை சக்கரத்துல அழுத்தும். இறக்கத்துல பின்னாடி லேசா பிடிச்சுக்கிட்டே வந்து சங்கிலி தொய்யாம பார்த்துக்கிறதும் அவர்தான், ஏத்தத்துல சங்கிலி அறுந்து பாதி ரயில் பின்னாடி உருள ஆரம்பிச்சா நிறுத்தியாக வேண்டியதும் அவர்தான். டப்ளின் கிங்ஸ்பிரிட்ஜ் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினதுமே இன்சிகோர் வரைக்கும் ஏத்தம், கார்க்ல ஸ்டேஷனைத் தாண்டினதும் டனல், அந்த டனலுக்குள்ளேயே ஏத்தம். இப்படிப்பட்ட இடங்கள்ல பின்னாடி இருக்கிற ஒரே ஒரு மனுஷனோட கையைத்தான் நம்பி ரயில் ஓடுச்சு.

கைப் பிரேக்கோட எல்லை எவ்வளவுன்னு 1889 ஜூன் 12 அன்னிக்கு ஆர்மா பக்கத்துல ரொம்பக் கொடூரமா தெரிஞ்சுச்சு. அது கூட்ஸ் இல்ல, உல்லாசப் பயணம் போன பயணிகள் ரயில், 15 பெட்டி. 75 அடிக்கு 1 அடி ஏறுற ஏத்தத்துல இன்ஜின் திணறி நின்னுடுச்சு, முன்னாடி 5 பெட்டியை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தாங்க. அந்த ரயில்ல இருந்த வாக்குவம் பிரேக் தானா பிடிக்கிற வகை இல்ல, அதனால கழட்டினதும் பின்னாடி 10 பெட்டிக்கு கடைசி வேனோட கைப் பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில வச்ச கல்லும்தான் ஆதாரம். இன்ஜின் மாட்டின முன்பாதி லேசா பின்னாடி வந்து இடிச்சுச்சு, கல்லு நொறுங்கி பெட்டிங்க உருண்டு போய் பின்னாடி வந்த ரயில் மேல மோதுச்சு, சுமார் 80 பேர் செத்துப் போனாங்க, அதுல நிறைய குழந்தைங்க. அதே வருஷம் சட்டம் வந்து பயணிகள் ரயிலுக்கு தொடர் தானியங்கி பிரேக் கட்டாயமாச்சு. கூட்ஸுக்கு அந்தக் கட்டாயம் வரல, அதனால கைப் பிரேக் வேன் அதுக்கப்புறமும் பல பத்து வருஷம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட ஒருத்தர் வேனோட அடிப்பாகத்தை வெறும் கறுப்பு நிழலா விட்டுட்டு மேல பலகையை மட்டும் அழகா பண்றதுக்கு மனசு வராது.

இப்போ கேஜ். அயர்லாந்துல ஆரம்பத்துல ஆளுக்கு ஒரு அளவு வச்சிருந்தாங்க. 1834-ல திறந்த டப்ளின்-கிங்ஸ்டவுன் லைன் 4 அடி 8½ அங்குலம், 1839-ல பெல்ஃபாஸ்ட்ல ஆரம்பிச்ச அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம், டப்ளின்-டிரொகீடா காரங்க வேற ஒரு கணக்குல இருந்தாங்க. 1843-ல ரயில்வேயைக் கண்காணிச்ச அரசுத் துறையான போர்டு ஆஃப் டிரேட் தலையிட்டு 5 அடி 3 அங்குலம்னு முடிவு பண்ணுச்சு, 1846-ல அது சட்டமாச்சு. நம்ம இந்திய பிராட் கேஜ் 5 அடி 6, அதைவிட 3 அங்குலம்தான் கம்மி, அதனால ஐரிஷ் வண்டியை முன்னாடி இருந்து பார்த்தா நம்ம கண்ணுக்கு அந்த அகலம் பழகினதாவே தெரியும், பிரிட்டிஷ் வண்டி மாதிரி ஒடுக்கமா இருக்காது.

4 மி.மீ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல ஒரு அடி மாடல்ல 4 மி.மீ-ங்கிற அளவுல, 5 அடி 3-ன்னா சரியா 21 மி.மீ. கடையில கிடைக்கிற ஓஓ தண்டவாளம் 16.5 மி.மீ, அது நிஜத்துல 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம், அதாவது ஐரிஷ் அளவுக்கு 13½ அங்குலம் குறைச்சல். பிரிட்டிஷ் வண்டியை ஓஓ-ல ஓட்டினா சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 1.2 மி.மீ கிட்ட உள்ளே போகும், கண்ணு அதைப் பொறுத்துக்கும். ஐரிஷ் வண்டியில ஒவ்வொரு பக்கமும் 2.25 மி.மீ உள்ளே போகுது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாதாரண வேகன்ல இதை ஆக்சில்பாக்ஸும் ஸ்பிரிங்கும் மறைச்சிடும். பிரேக் வேன்ல நாலு சக்கரத்துக்கும் கட்டை, அதைத் தாங்குற தொங்கல் தண்டு, குறுக்குத் தண்டு எல்லாம் சோல்பாருக்கு, அதாவது பாடிக்கு அடியில நீளவாக்குல ஓடுற சட்டத்துக்குக் கீழே பளிச்சுன்னு தெரியுற வண்டி, அங்க கட்டையை சக்கரத்துக்கு நேரா வச்சா சோல்பாரை விட்டு ரொம்ப உள்ளே போய் இருட்டுல ஒளிஞ்சுக்கும், சரியான இடத்துல வச்சா சக்கரத்தையே தொடாம வெறும் காத்துல தொங்கும். ரெண்டுமே தப்பா தெரியும். 16.5-ல ஐரிஷ் பிரேக் வேன் கட்டுறவங்க சந்திக்கிற உண்மையான பிரச்சனை இதுதான், பலகை எண்ணிக்கையோ கூரை வளைவோ இல்ல.

21 மி.மீ-க்குப் போறதுன்னா தண்டவாளத்தைப் பெரும்பாலும் நீங்களே போடணும், தடம் பிரியுற பாயின்ட்டும் நீங்களே கட்டணும். டெம்ப்லாட் சாஃப்ட்வேர்ல எந்த கேஜ் கொடுத்தாலும் வரைபடம் போட்டுக் கொடுத்துடும், அதை பிரிண்ட் எடுத்து மேல ஸ்லீப்பர் ஒட்டிக்கிட்டே போகலாம், அது பயப்படுற அளவுக்குக் கஷ்டம் இல்ல. கஷ்டம் இன்ஜின்லதான். இந்தக் காலத்து வேனுக்குப் பொருத்தமான இன்ஜின்னா ஜி.எஸ்.டபிள்யூ.ஆர் (கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே) 101 கிளாஸ் 0-6-0, அதாவது ஆறு இயக்குச் சக்கர இன்ஜின், ஜே15-னு பிற்காலத்துல சொன்னது, 1866-லிருந்து 1903 வரைக்கும் 111 இன்ஜின் கட்டினாங்க, இன்னிக்கும் 184-ம் 186-ம் பாதுகாப்பா இருக்கு. அதை 21-ல ஓட வைக்கணும்னா எட்ச்டு, அதாவது அமிலத்துல அரிச்சு வெட்டின உலோகத் தகடு கிட் வாங்கி சேசிஸை அந்த அகலத்துக்கு நீங்களே கட்டணும். வேன் ஒண்ணுக்காக மட்டும் யாரும் இந்த முடிவை எடுக்க மாட்டாங்க, ஆனா வேன் மட்டும்தான் இப்போதைக்கு கட்டுறீங்க, ஷெல்ஃப்ல வைக்கப் போறீங்கன்னா 21-க்குப் போகாம இருக்க ஒரு காரணமும் கிடையாது. ஒரு அடி தண்டவாளம் போதும்.

மத்த ஸ்கேல் பத்தி சுருக்கமா. 7 மி.மீ ஸ்கேல்ல சரியான கேஜ் 36.75, ஓ கேஜ் தண்டவாளம் 32, அங்கயும் இதே சிக்கல்தான், ஆனா பெரிசா இருக்கிறதால பிரேக் கியர் கட்டுறது சுகமா இருக்கும். 3 மி.மீ-ல 15.75. ஹெச்.ஓ அளவுல, அதாவது 3.5 மி.மீ-ல கட்டினா 5 அடி 3 என்பது 18.4 மி.மீ கிட்ட வரும், பிரிட்டன்ல ஈ.எம் காரங்க பயன்படுத்துற 18.2 மி.மீ தண்டவாளம் அப்படியே பொருந்திடும். இது ரொம்ப நல்ல பொருத்தம்தான், ஆனா ஐரிஷ் கிட், ஒட்டுற எழுத்தான டிரான்ஸ்ஃபர், மத்தவங்களோட லேஅவுட் எல்லாமே 4 மி.மீ-ல இருக்கிறதால ஹெச்.ஓ-க்குப் போனா தனியா நிக்கணும். எல்லாத்தையும் தானே கட்டுறவங்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

எந்த வேன்? இதுல என் கணிப்பு தெளிவு: அழகா இருக்கிற வேனைத் தேர்ந்தெடுக்காதீங்க, தேதியோட போட்டோ கிடைக்கிற வேனைத் தேர்ந்தெடுங்க. 1840-கள்ல ஓடினது வேணும்னு சிலருக்கு ஆசை, அல்ஸ்டர் ரயில்வேயோட 6 அடி 2-ல ஒரு கூட்ஸ் ரயில், 4 மி.மீ-ல கேஜே 24.7 மி.மீ வரும், பார்க்கவே பிரமாதமா இருக்கும். ஆனா போட்டோகிராபி அப்போதான் பிறந்திருக்கு, கூட்ஸ் வண்டியைப் போய் யாரும் படம் எடுக்கல, அதனால நீங்க கட்டுறது ஊகம்தான். டப்ளின்-கிங்ஸ்டவுன் லைன் பழைய 4 அடி 8½-ல இருந்த காலத்துக்கு, 4 அடி 8½-க்குச் சரியான மாடல் அளவான பி4 தண்டவாளம் 18.83 மி.மீ அப்படியே பொருந்தும்னு ஒரு கவர்ச்சி இருக்கு, ஆனா அது கிட்டத்தட்ட முழுக்க பயணிகளுக்கான சின்ன கடற்கரை லைன், கூட்ஸ் வேனுக்கு அங்க இடமே இல்ல.

நல்லா யோசிச்சா கையில நிக்கிறது மூணு. ஒண்ணு ஜி.எஸ்.டபிள்யூ.ஆர், இன்சிகோர் வொர்க்ஷாப். 1864-ல அலெக்சாண்டர் மெக்டானல் பொறுப்புக்கு வந்ததுக்கு அப்புறம் அங்க ஒழுங்கும் ஒரே மாதிரி பாகங்களும் வந்துச்சு, அப்புறம் ஆஸ்பினால், ஐவாட்னு பெரிய பேருங்க. அவங்க கம்பெனி நாட்டுலயே பெருசு, அதனால போட்டோல மாட்டுறதும் அதிகம், இழுக்க 101 கிளாஸும் ரெடி. ரெண்டாவது எம்.ஜி.டபிள்யூ.ஆர் (மிட்லாண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே), பிராட்ஸ்டோன் வொர்க்ஷாப். 1872-லிருந்து 1900 வரைக்கும் மார்ட்டின் அட்டாக் ஒருத்தரே பொறுப்புல இருந்தார், அதனால அந்தக் காலத்து வண்டிங்கள்ல ஒரு குடும்ப ஜாடை இருக்கும். டப்ளின்ல இருந்து மல்லிங்கர், அத்லோன், பாலினஸ்லோ வழியா கால்வே போற லைன், மேற்குப் பக்கத்து மாடு எல்லாம் இதுலதான் டப்ளின் நார்த் வால் துறைமுகத்துக்குப் போய் கப்பல் ஏறும், பாலினஸ்லோவுல அக்டோபர் மாசச் சந்தை ரொம்பப் பிரபலம். மாட்டு வேகன் வரிசைக்குப் பின்னாடி ஒரு சின்ன பிரேக் வேன், அயர்லாந்துன்னா இந்தக் காட்சிதான் எனக்கு ஞாபகம் வரும், மனசளவுல என் ஓட்டு இதுக்குத்தான். நிலக்கரியும் இரும்பும் ஏத்திக்கிட்டுப் போற ரயில் பிரிட்டன்ல எங்கேயும் இருக்கு, மாட்டு ரயில் அயர்லாந்தோட பொருளாதாரத்தையே ஒரே வரிசையில காட்டிடும்.

மூணாவது கொஞ்சம் வித்தியாசமானது, டண்டாக்-நியூரி-கிரீனோர் ரயில்வே. 1873-ல திறந்தது, 1951 முடிவுல மூடினாங்க. இதுக்குப் பின்னாடி இருந்தது இங்கிலாந்தோட எல்.என்.டபிள்யூ.ஆர் (லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே), ஹோலிஹெட்ல இருந்து கிரீனோருக்கு அவங்க கப்பல் வரும், இன்ஜின் குரூவ்ல கட்டி வந்தது, வண்டிங்களும் எல்.என்.டபிள்யூ.ஆர் பாணிதான், ஆனா ஓடினது 5 அடி 3 தண்டவாளத்துல. பிரிட்டிஷ் கிட்டை அயர்லாந்துக்குள்ள நியாயமா கொண்டுவர முடியுற இடம் இது ஒண்ணுதான்னு சொல்லலாம். பழைய எல்.என்.டபிள்யூ.ஆர் வேன் கிட் ஒண்ணு எடுத்து, கிரீனோர் லைன் போட்டோவோட ஒப்பிட்டு, அடியை மட்டும் அகலமா மாத்திக் கட்டினா வேலை பாதியா குறையும். இதே யோசனையை வடக்குல பெல்ஃபாஸ்ட்-நார்தர்ன் கவுன்டீஸ் லைனுக்கும் சிலர் போடுறாங்க, இங்கிலாந்தோட மிட்லாண்ட் ரயில்வே வேனை அப்படியே கொண்டுபோய் வச்சிடுறாங்க. மிட்லாண்ட் அந்த லைனை வாங்கினது 1903-லதான், அதுக்கு முன்னாடி அங்க மிட்லாண்ட் ஜாடைக்கு ஒரு காரணமும் இல்ல, அதனால 1900-க்கு முந்தைய ரயில்னா அந்த வழி வேண்டாம்.

போட்டோ எங்க கிடைக்கும்? அயர்லாந்து தேசிய நூலகத்துல லாரன்ஸ் தொகுப்புன்னு ஒண்ணு இருக்கு, ராபர்ட் ஃப்ரெஞ்ச்னு ஒருத்தர் ஊர் ஊரா போய் கண்ணாடித் தகட்டுல எடுத்தது, ஆன்லைன்லயே பெரிசு பண்ணிப் பார்க்கலாம். அவர் ஊரையும் பாலத்தையும் ஸ்டேஷனையும்தான் எடுத்தார், வேன் எல்லாம் ஒரு ஓரத்துல சைடிங்ல நிக்கும், அதனால தலைப்பை வச்சுத் தேடாம ஸ்டேஷன் படங்களை ஒவ்வொண்ணா திறந்து ஓரங்களைப் பார்க்கணும். பொறுமை வேணும், ஆனா ரொம்ப சுவாரசியமான வேலை. ஐரிஷ் ரயில்வே ரெக்கார்டு சொசைட்டி 1946-லிருந்து இருக்கு, டப்ளின்ல ஆர்கைவ் வச்சிருக்காங்க. இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்காதது, போர்டு ஆஃப் டிரேட் விபத்து அறிக்கைகள். விபத்து நடந்தா இன்ஸ்பெக்டர் வந்து ரயில்ல என்னென்ன வண்டி எந்த வரிசையில இருந்துச்சு, பிரேக் எத்தனை சக்கரத்துக்கு, கார்டு எங்க நின்னார்னு எல்லாம் எழுதி வச்சிருப்பார். படம் இருக்காது, ஆனா பிரேக் பத்தின தகவல் போட்டோவைவிட அதுல தெளிவு.

போட்டோல இருந்து அளவு எடுக்க ஒரு வழி. வேன் முன்பக்கமா, அதாவது முனை தெரியுற மாதிரி நின்னா அதுக்குக் கீழே இருக்கிற தண்டவாளமே அளவுகோல், ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 5 அடி 3-னு சட்டமே சொல்லுது, அதை வச்சு பாடி அகலம், கூரை உயரம் எல்லாம் கணக்குப் போட்டுடலாம். பக்கவாட்டுப் படம்னா சக்கரம் சுமார் 3 அடின்னு எடுத்துக்கிட்டு தொடங்கலாம், மாடல்ல அது 12 மி.மீ. அப்புறம் பலகை எண்ணிக்கை, 7 அங்குலப் பலகைன்னா 2.3 மி.மீ. ரெண்டு கணக்கும் ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கிட்டா போதும், ஒத்துப் போகலைன்னா படம் சாய்வா எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

சரி, எதை வச்சுக் கட்டுறது. முதல் வழி, ரெடிமேட் பிரிட்டிஷ் வேனை வாங்கி பெயிண்ட் மாத்துறது. கடையில கிடைக்கிற பெரும்பாலான பிரிட்டிஷ் வேன் 20-ஆம் நூற்றாண்டு டிசைன், உதாரணமா பி.ஆர் (பிரிட்டிஷ் ரயில்வேஸ்) ஸ்டாண்டர்டு வேனோட வீல்பேஸ், அதாவது ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல இருக்கிற தூரம், 16 அடி, மாடல்ல 64 மி.மீ. பழைய ஐரிஷ் வேன் நாலு சக்கரத்துல குட்டையா, உயரமா நிக்கிற வண்டி, அந்த நீளத்துல பாதி கொஞ்சம் தாண்டினாலே அதிகம். வெட்டி ஒட்டினாலும் முன்பக்கத் திண்ணை, ஜன்னல் எல்லாம் வேற காலம். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், காசும் போய் காலமும் தப்பா போகும்.

அட்டை கிட்டை வெறும் அட்டைதானேன்னு ஒதுக்காதீங்க. ஆல்ஃபாகிராஃபிக்ஸ் மாதிரி ஆளுங்க ஐரிஷ் வண்டிங்களுக்கு அச்சடிச்ச அட்டை கிட் போடுறாங்க, விலை குறைவு, சாயங்காலம் உட்கார்ந்தா வண்டியோட உருவம் கைக்கு வந்துடும். ஈரப்பதத்துல வளையும், ஓரம் பிசிறும், ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆனா அதோட பெரிய பயன் வேற, அதை வரைபடமா வச்சுக்கிட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வெட்டலாம். நீங்க தேடுற வேன் அவங்க லிஸ்ட்ல இருந்தா ரெண்டு வாங்கி ஒண்ணை கட்டிப் பாருங்க, ஒண்ணை வெட்டுறதுக்கு வச்சுக்கோங்க.

ரெசின் கிட், ப்ராவின்ஷியல் வேகன்ஸ் மாதிரி ஐரிஷ் வண்டிக்குன்னே பண்றவங்க இருக்காங்க. பாடி ஒரே வார்ப்பா வரும், சதுரமா நிக்கும், எடையும் இருக்கும். லேஅவுட்ல நிறைய வேகன் வேணும்னா இதைவிட நல்ல வழி இல்ல. பழைய வேனுக்கு ரெண்டு குறை, ஒண்ணு நமக்கு வேணும்கிற காலத்து வேன் அவங்ககிட்ட இருக்கணும், இன்னொண்ணு ரெசின்ல பிரேக் கட்டை, ஃபுட்போர்டு எல்லாம் மெல்லிசா வராது. பாடியை மட்டும் எடுத்துக்கிட்டு அடியை நீங்க கட்டினா அந்தக் குறை தீரும்.

எட்ச்டு பித்தளை, வர்ஸ்லி வொர்க்ஸ் மாதிரி இடங்கள்ல ஐரிஷ் பாகங்கள் தட்டையா வெட்டி வரும், மத்ததை நீங்க சேர்த்துக்கணும். மெல்லிசு, கூர்மை, உறுதி, சால்டர் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு அடிப்பாகத்துக்கு இதுக்கு மேல எதுவும் இல்ல. ஆனா பலகை வச்ச மரப் பாடிக்கு பித்தளை எனக்குப் பிடிக்கல, பலகை இடுக்கு எல்லாம் கோடு கிழிச்ச மாதிரிதான் தெரியும், மரத்தோட தடிமன் வராது. வெளிச்சட்டம் போட்ட பாடி, அதாவது மரச் சட்டம் வெளியே தெரியுற வகைன்னா அந்தச் சட்டத்துக்கு ஆழம் கொடுக்க மேல மேல தகடு ஒட்ட வேண்டி வரும், அதை பிளாஸ்டிக்ல பண்றது பத்து மடங்கு சுலபம்.

3டி பிரிண்ட் பத்தி இப்போ எல்லாரும் கேட்கிறாங்க. ரெசின் பிரிண்டர்ல 0.05 மி.மீ லேயர்ல எடுத்தா பலகை, போல்ட் தலை, கார்டு வெளியே பார்க்க கூரை மேல இருக்கிற லுக்அவுட் எல்லாம் பிரமாதமா வரும். அகலத்தை ஃபைல்லயே மாத்திக்கலாம், 16.5-க்கு ஒண்ணு 21-க்கு ஒண்ணுன்னு ரெண்டு அடிப்பாகம் வரைஞ்சு வச்சுக்கலாம், ஒரே வேன் நாலு பேருக்கு வேணும்னா இதுதான் வழி, சந்தேகமே இல்ல. ஆனா ஒரு வேனுக்காக கம்ப்யூட்டர்ல வரையுற கேட் (CAD) சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு, சப்போர்ட் போட்டு, கழுவி, யு.வி-ல காய வச்சு, பக்கச் சுவர் வளைஞ்சு போச்சுன்னு திரும்ப எடுக்கிற நேரத்துல பிளாஸ்டிக் ஷீட்ல வேனே முடிஞ்சிடும். அப்புறம் பிரிண்ட் பண்ண ஃபுட்போர்டும் கைப்பிடியும் ரொம்ப எளிதா ஒடியும், அதை எப்படியும் பித்தளைப் பட்டையிலயும் கம்பியிலயும்தான் போடணும். 0.3 மி.மீ கம்பின்னா நிஜத்துல ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, கைப்பிடிக்கு அது சரியா இருக்கும்.

கடைசியா பிளாஸ்டிக் ஷீட் வச்சு முழுக்க கையால கட்டுறது, என்னோட தேர்வு இதுதான், முதல் வேன் கட்டுறவங்களுக்கும் இதையே சொல்வேன். 1 மி.மீ ஷீட்ல உள் பெட்டி, அது மேல 0.5 மி.மீ ஷீட்ல பலகை இடுக்கை கத்தி முதுகால கீறி ஒட்டணும், அதுக்கு மேல வெளிச்சட்டத்துக்கு பட்டை. போட்டோவைப் பார்த்துக்கிட்டே கட்டலாம், கதவு இந்தப் பக்கம் இல்ல அந்தப் பக்கம்னு புதுப் படம் கிடைச்சா ஒரு பக்கத்தைப் பிரிச்சு மாத்தலாம், ஆதாரம் கொஞ்சம் கொஞ்சமா கிடைக்கிற விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்ல. ஒண்ணை மட்டும் கவனிங்க: ரெண்டு ஷீட்டை முழுசா பசை தடவி ஒட்டினா நடுவுல மாட்டின சால்வென்ட் வெளியே வர முடியாம மாசக்கணக்குல மெதுவா சுவரை வளைச்சுடும். உள் ஷீட்ல வரிசையா ஓட்டை போட்டு வச்சா அது வழியா ஆவி போயிடும், உள்ளே ரெண்டு குறுக்குத் தடுப்பும் வச்சிடுங்க.

ஆனா அடிப்பாகம் பிளாஸ்டிக்ல வேண்டாம். பாடி பிளாஸ்டிக், அடி பித்தளை, இந்தக் கலப்புதான் எல்லா வழியையும் ஒப்பிட்டுப் பார்த்ததுல எனக்கு நிக்குது. பிரேக் கட்டை தொங்குற தண்டு எல்லாம் மெல்லிசா இருக்கணும், அதே சமயம் சக்கரத்துக்கு முடி அளவு இடைவெளி விட்டு நிக்கணும், பித்தளை மட்டும்தான் அந்த இடத்துல வளையாம நிக்கும். பழைய வேன்ல கட்டை மரத்துல இருந்ததும் உண்டு, அது இரும்புக் கட்டையைவிடத் தடிமனா பெருசா தெரியும், படத்துல அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க, ஏன்னா காலத்தைக் காட்டிக் கொடுக்கிற முதல் அடையாளம் அதுதான்.

16.5-ல இப்போதைக்கு ஓட்டியே ஆகணும், ஆனா ஒருநாள் 21-க்குப் போகலாம்னு ஆசை இருக்கு, இந்த நிலைமையில இருக்கிறவங்கதான் அதிகம். அவங்களுக்கு வழி இருக்கு. சோல்பாரையும் வெளியே தெரியுற டபிள்யூ-அயர்ன் (ஆக்சில்பாக்ஸைப் பிடிக்கிற இரும்புத் தகடு), ஆக்சில்பாக்ஸ், ஸ்பிரிங் எல்லாத்தையும் 5 அடி 3-க்கான சரியான அகலத்துல பாடியோட ஒட்டிடுங்க. சக்கரம், பேரிங், பிரேக் கட்டை, குறுக்குத் தண்டு மூணு நாலும் சேர்ந்த ஒரு தனி அடிச்சட்டம் பண்ணி, அதை பாடிக்கு அடியில ரெண்டு திருகு போட்டு மாட்டுங்க. ஓஓ-க்கு வழக்கமான 26 மி.மீ ஆக்சில் அந்த உள்சட்டத்துல உட்கார்ந்துக்கும், வெளியே இருக்கிறது வெறும் தோற்றத்துக்கு. பிரேக் கட்டை சக்கரத்தோட சேர்ந்தே இருக்கிறதால உள்ளே தள்ளி இருந்தாலும் சக்கரத்தைக் கவ்விக்கிட்டு நிக்கும், காத்துல தொங்காது. பின்னாடி 21-க்குப் போகும்போது அந்தச் சட்டத்தைக் கழட்டிட்டு நீள ஆக்சில் போட்ட வேற சட்டத்தை மாட்டினா போதும், பாடியைத் தொடவே வேண்டாம். 21-ல சட்டம் பண்றப்போ ஒரு முனை ஆக்சிலை மட்டும் ஆட விட்டு மூணு புள்ளியில நிக்கிற மாதிரி பண்ணிடுங்க, கையால போட்ட தண்டவாளத்துல அது இல்லாம நாலு சக்கர வண்டி தடம் புரளும்.

ஃபுட்போர்டு விஷயத்துல மட்டும் இந்த ஏற்பாட்டுல ஒரு முரண் வரும். வேன்ல நீளமா கீழ்ப் படி ஓடும், அது டபிள்யூ-அயர்ன்ல மாட்டியிருக்கும், பிரேக் கட்டை அதுக்குப் பின்னாடி வரும், அதனால படியை பாடியோட சேர்த்துட்டா சட்டத்தைக் கழட்ட இடம் பத்தாம போகலாம். சட்டத்தோட அகலத்தை சோல்பாருக்கு உள்பக்கத்தைவிட ஒரு மி.மீ குறைச்சு வெட்டிக்கிட்டா நேரா கீழே இறங்கி வந்துடும்.

எடைக்கு 4 மி.மீ-ல நாலு சக்கர வண்டிக்கு 50 கிராம்னு பொதுவா வச்சுக்கிறாங்க, பிளாஸ்டிக் பாடிக்குள்ளே தரைக்குக் கீழே ஈயத் தகடு வச்சு அந்த அளவுக்குக் கொண்டு வந்துடலாம், ரயில் முடிவுல இருக்கிற வண்டிங்கிறதால அதுக்கு மேல ஏத்தத் தேவையில்ல. கப்ளிங் மூணு வளையச் சங்கிலிதான், இந்த வேனுக்கு வேற எதுவும் பொருந்தாது.

கலர்ல ஜாக்கிரதை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீலத்துக்குத்தான் நல்லா வேலை செய்யும், சிவப்பு வெளிச்சத்தை அது பார்க்கவே பார்க்காது. அதனால செம்பழுப்பும் கடுஞ்சாம்பலும் படத்துல ஒரே கறுப்பா விழும், நீலம் கலந்த சாம்பல் வெள்ளை மாதிரி வெளுத்துத் தெரியும். படம் கறுப்பா இருக்குன்னு வேனுக்குக் கறுப்பு அடிச்சிடாதீங்க, பக்கத்துல கலர் உறுதியா தெரிஞ்ச ஏதாவது நிக்குதான்னு பாருங்க, சிவப்பு பஃபர் பீம், சிக்னல் கை, செங்கல் சுவர், அதோட டோனை வச்சு வேனோட டோனை ஒப்பிட்டா எந்தக் குடும்பத்துக் கலர்னு பிடிபட்டுடும். எழுத்தும் அதே படத்துல இருக்கிறதையே போடுங்க, வேற வருஷத்துப் படத்துல இருந்து எழுத்தை எடுத்து இதுல ஒட்டினா கம்பெனி சரியா இருந்தும் வேன் எந்த வருஷத்துலயும் ஓடாத வேனாயிடும்.